ஹெட்செட்டுக்குள் ஆங்கிலம்: வாசகர் கேள்வி - பதில்

விமானத் துறையில் இருப்பவர்களும் அதில் நுழையக் காத்திருப்பவர்களும் ஆங்கிலம் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், ஓய்வுபெற்ற விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். விமானிகளின் ஆங்கிலத் திறனை மதிப்பிடும் தேர்வாளராகவும் இருந்தவர்.

கேள்வி: இலக்கணப் புத்தகம் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன் மேடம். பாஸிவ் வாய்ஸில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ரேடியோவில் பேசுவதற்கு எவ்வளவு இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும்? (பயிற்சி விமானி)

பதில்: அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். பாஸிவ் வாய்ஸ் உங்களுக்குக் கடைசியில் வர வேண்டிய பாடம்.

ரேடியோவில் இரண்டு விதமான ஆங்கிலம் ஓடுகிறது. முதலாவது ஃப்ரேஸியாலஜி. 'டர்ன் லெஃப்ட் ஹெடிங் ஸீரோ நைனர் ஸீரோ', 'ஹோல்ட் ஷார்ட் ஆஃப் ரன்வே டூ ஸெவன்' மாதிரி முன்கூட்டியே வார்த்து வைத்த வாசகங்கள். இவற்றில் 'ஏ', 'தி' கிடையாது, எழுவாய் கிடையாது, துணைவினையும் அநேகமாகக் கிடையாது. பெரும்பாலும் வெறும் கட்டளைதான். 'குட் யூ ப்ளீஸ் டர்ன் லெஃப்ட்' என்று கட்டுப்பாட்டாளர் குழைந்தால், இது உத்தரவா வேண்டுகோளா என்று விமானி யோசிக்க ஆரம்பித்துவிடுவார். இந்த வாசகங்களை இலக்கணமாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, சாதாரண ஆங்கிலம். காக்பிட் கண்ணாடியில் விரிசல் விழுகிறது, பயணி ஒருவர் மயங்கிக் கிடக்கிறார், சரக்கறைப் பக்கமிருந்து புகை நாற்றம் வருகிறது. இதற்கெல்லாம் ரெடிமேடாக வாசகம் கிடையாது. நீங்களேதான் வாக்கியம் கட்ட வேண்டும். இலக்கணத்துக்கு வேலை வருவது அங்கேதான். அதிலும் காலத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

எரிபொருளைக் காற்றில் கொட்ட வேண்டிய விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் திரும்பி வர வேண்டிய நிலை. எடை அதிகம், குறைத்தால்தான் வரம்புக்குள் இறங்க முடியும். 'வீ வில் டம்ப் ஃப்யூயல்' என்று நீங்கள் சொன்னால், அதற்கு ஓர் இடத்தையும் உயரத்தையும் நான் பார்த்துத் தர வேண்டும். 'வீ ஆர் டம்பிங்' என்றால் பக்கத்தில் இருக்கிற விமானங்களை இந்த நொடியே குறைந்தது 10 கடல்மைல் தள்ளி வைக்க வேண்டும். 'வீ ஹாவ் டம்ப்ட்' என்றால் அந்த வேலை முடிந்தது, உங்களை இறக்குகிற வழியைப் பார்க்கலாம். வினைச்சொல் ஒன்றுதான். ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அது மூன்று வேறு வேலை. இதில் தடுமாறுகிறவருக்கு 'தி' எங்கே போட வேண்டும் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில் இரண்டு 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனியில், அனுமதி வராமலே அவற்றில் ஒன்றான டச்சு நிறுவனம் கே.எல்.எம்.-இன் விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. அப்போது அதன் துணை விமானி ரேடியோவில் சொன்னது 'வீ ஆர் நௌ அட் டேக் ஆஃப்' என்று பதிவாகியிருக்கிறது. கிளம்பிவிட்டோம் என்பதை அவர் அப்படிச் சொன்னார். புறப்படும் இடத்தில் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். அந்த 'அட்' என்ற குட்டிச் சொல் இரண்டு பக்கமும் சாய்ந்தது. விபத்துக்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு; ஒரே நேரத்தில் இருவர் பேசி ரேடியோ கீச்சிட்டது அதில் ஒன்று. ஆனால் அதற்குப் பிறகுதான், 'டேக் ஆஃப்' என்ற சொல்லை அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்வது, மற்ற இடத்தில் எல்லாம் 'டிபார்ச்சர்' என்பது என்று வழக்கம் வந்தது.

காலத்துக்கு அடுத்தது, எவ்வளவு நிச்சயம் என்பது. 'வீ மே டைவர்ட்' (வேறு விமான நிலையத்துக்குப் போக நேரலாம்) என்றால் நான் காதில் போட்டுக்கொள்வேன். 'வீ ஹாவ் டு டைவர்ட்' என்றால் உடனே போனை எடுப்பேன்.

அப்புறம் நிபந்தனை. 'பிஹைண்ட் லேண்டிங் ஏர்பஸ் ஆன் ஷார்ட் ஃபைனல், லைன் அப் அண்ட் வெயிட் பிஹைண்ட்.' இறங்குகிற ஏர்பஸ் கடந்து போன பிறகு ஓடுபாதையில் ஏறி நில் என்கிறது இந்த வாசகம். நிபந்தனை முதலில் வருவது தமிழ்க் காதுக்குப் பழக்கம்தான். ஆனால் கடைசியில் 'பிஹைண்ட்' மறுபடி வருவதை அலங்காரம் என்று நினைத்துப் பலர் ரீட்பேக்கில், அதாவது கேட்டதைத் திருப்பிச் சொல்லும்போது, விட்டுவிடுகிறார்கள். முன்பாதி இரைச்சலில் போய்விட்டால், விமானத்துக்கு முன்னால் போய் நிற்காமல் உங்களைத் தடுக்கப்போவது அந்தக் கடைசிச் சொல் மட்டும்தான். முன்னாலும் சொல்லுங்கள், பின்னாலும் சொல்லுங்கள்.

'வீ ஆர் ஹாவிங் ஸ்மோக் இன் த கேபின்' என்று சொல்வது தப்பா என்று ஒரு வால் கேள்வியும் கேட்டிருக்கிறீர்கள். இலக்கண வாத்தியார் முகம் சுளிக்கலாம். எனக்குப் புரிந்துவிட்டது, அது போதும்.

கேள்வி: பயிற்சி ஒலிப்பதிவுகளில் எல்லாம் தெளிவாகப் புரிகிறது. நிஜ ரேடியோவில் பாதிதான் பிடிபடுகிறது. என் காதில்தான் கோளாறா? (புதிதாகச் சேர்ந்த துணை விமானி)

பதில்: காதில் ஒன்றும் இல்லை. விமான ரேடியோ மனிதக் குரலை முழுசாகக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. சுமார் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அதில் வருகிறது. 'ஸ்', 'ஃப்' போன்ற ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது, அது வழியிலேயே வெட்டுப்பட்டுப் போகிறது. ஃபைவும் நைனும் இரைச்சலில் ஒன்றாகிவிடுவதால்தான் ஒன்றை 'ஃபைஃப்' என்றும் இன்னொன்றை 'நைனர்' என்றும் சொல்கிறோம். ஆமாம் என்பதற்கு 'அஃபர்மேட்டிவ்' என்று நீட்டாமல் 'அஃபர்ம்' என்று நிறுத்துவதும் அதே மாதிரிதான். மைக் பட்டனை அழுத்தி முடிப்பதற்குள் பேச ஆரம்பித்தால் முதல் அசை போய்விடும். மிச்சமிருக்கிற '...ட்டிவ்' அஃபர்மேட்டிவா நெகட்டிவா என்று யாருக்குத் தெரியும்?

வேகம் இன்னொரு தொல்லை. நிமிடத்துக்கு 100 சொற்களுக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் சர்வதேச வழிமுறை. நெரிசல் நேரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்! கட்டுப்பாட்டாளர் ஒருவர் ஒரே மூச்சில் ஹெடிங் (பறக்க வேண்டிய திசை), உயரம், வேகம், அடுத்த ஃப்ரீக்வென்ஸி என்று நான்கையும் அவிழ்த்துக் கொட்டினால், தாய்மொழி ஆங்கிலமாக இருக்கிறவருக்குமே ஒன்று நழுவும்.

இவற்றை எல்லாம் விட எனக்குப் பயம் வேறொன்றில். காது எதிர்பார்த்ததைக் கேட்டுவிடும். 1989 பிப்ரவரியில் கோலாலம்பூரில் இறங்கவிருந்த சரக்கு 747 ஒன்றுக்கு 'டிஸெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று அனுமதி போனது. 2400 அடிக்கு இறங்கு என்பது பொருள். காக்பிட்டில் அந்த 'டூ' எண்ணாகக் கேட்கவில்லை, 'டு' (to) என்ற சொல்லாகக் கேட்டது. 400 அடிக்கு இறங்கு என்று எடுத்துக்கொண்டார்கள். 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று பதில் வந்தது. அதை யாரும் திருத்தவில்லை. விமானம் மலைச்சரிவில் மோதி, இருந்த 4 பேரும் இறந்தார்கள். விதிப்படி அந்த உயரத்தை 'டூ தௌஸண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால் குழப்பத்துக்கே இடமில்லை. இதில் கேட்பவருக்கும் பாடம் இருக்கிறது: எண் மட்டும் வந்து, அது அடியா ஹெடிங்கா வேகமா என்று சொல்கிற சொல் வரவில்லை என்றால், அந்த எண்ணை நம்பாதீர்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். ஏடிஸ் ஒலிபரப்பில் தொடங்குங்கள்; விமான நிலையத்தின் வானிலையையும் ஓடுபாதைத் தகவலையும் திரும்பத் திரும்பச் சொல்கிற பதிவு அது. விமான நிலையத்தின் பெயர், தகவலுக்கான எழுத்து, ஓடுபாதை, காற்று, பார்வைத் தூரம், மேகம், வெப்பம், க்யூ.என்.எச். (உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்த அளவு) என்று வரிசை அநேகமாக மாறாது. அடுத்து என்ன வரும் என்று தெரிவதால் மனசு பதறாமல் எண்களை மட்டும் பிடிக்கலாம். பல விமான நிலையங்களில் இதைத் தொலைபேசியிலும் கேட்கலாம். முழுசாக எழுதாதீர்கள். முந்தைய ஒலிபரப்பிலிருந்து எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால், மாறாத பகுதியைக் காது தானாகவே தள்ளிவிட்டு மாறியதில் போய் நிற்கும்.

அடுத்த படி, பதிவுசெய்த உரையாடல்கள். ஓர் அறிவிப்பைக் கேளுங்கள், நிறுத்துங்கள், ரீட்பேக்கை வாய்விட்டுச் சொல்லுங்கள், அதைப் போனில் பதிவுசெய்யுங்கள். பிறகு இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டு ஒப்பிடுங்கள். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது பயிற்சியே இல்லை. மனசு தன் தப்பைத் தானே பூசி மெழுகிவிடும். கையில் பேனா இருக்கட்டும். இறங்கு என்றால் கீழ்நோக்கி ஓர் அம்பு, இடம் வலத்துக்கு 'எல்', 'ஆர்' என்று உங்களுக்கென்று குறிகள் வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டே கேட்பது தனித் திறமை, அது விமானத்துக்குள் போய்க் கற்றுக்கொள்கிற விஷயம் இல்லை.

கடைசியாக, இதைச் செய்கிறவர்கள் குறைவு: கேட்பதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தி, இந்தக் கட்டத்தில் கட்டுப்பாட்டாளர் என்ன சொல்வார் என்று ஊகித்து எழுதிவிடுங்கள். பிறகு கேளுங்கள். ஊகத்தோடு பொருந்தியதை விட்டுவிட்டு, பொருந்தாமல் வந்தது எது என்று பாருங்கள். எதிர்பார்ப்பு எங்கே உங்களை ஏமாற்றுகிறது என்பது அப்போதுதான் கையும் களவுமாகப் பிடிபடும்.

நேரடி விமான ரேடியோவை வெளியாட்கள் கேட்பது சில நாடுகளில் சட்டவிரோதம். உங்கள் நாட்டு விதி என்ன என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: லெவல் 4 தேர்வு வருகிறது. என் உச்சரிப்பில் தமிழ் வாடை அடிக்கிறது என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். அமெரிக்கர் மாதிரி பேசக் கற்றுக்கொள்ள வேண்டுமா? (வணிக விமானி உரிமத்துக்குப் படிப்பவர்)

பதில்: வேண்டாம். அரைகுறை அமெரிக்க உச்சரிப்பைப் போலப் புரியாதது வேறொன்றும் இல்லை.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. வகுத்திருக்கிற அளவுகோலில் 6 நிலைகள் இருக்கின்றன. வேலைக்குக் குறைந்தபட்சம் 4 வேண்டும். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடும் விதம் என்று ஆறு திறன்களைப் பார்ப்பார்கள். ஐந்தில் 5 வாங்கி ஒன்றில் 3 வாங்கினால் உங்கள் நிலை 3. சராசரி போட மாட்டார்கள், ஆறில் குறைந்தது எதுவோ அதுதான் முடிவு. பலருக்கு இது தெரிவதில்லை. தனக்கு நன்றாக வருவதையே மறுபடி மறுபடி மெருகேற்றிக்கொண்டிருப்பார்கள். உங்கள் பலவீனம் புரிதலில் இருந்தால் உச்சரிப்புக்குச் செலவழிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் வீண்.

எழுத்துத் தேர்வு அந்த அளவுகோலில் இல்லை. பேசுவதும் கேட்பதும்தான். தாய்மொழியின் சாயல் இருக்கலாம், புரிவதற்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பதுதான் விதி. 6-ஆம் நிலையில்கூடச் சாயலுக்குத் தடை இல்லை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 'ஃபோர்' என்பது 'போர்' ஆகக் கூடாது. 'லெஃப்ட்டு', 'ரைட்டு' என்று கடைசியில் உகரம் சேர்ப்பதை விடுங்கள், அது வேகத்தில் இன்னொரு அசையாகக் கேட்கிறது. 'பே'யில் இரண்டு வகை உண்டு, உதட்டைச் சேர்த்து வெடிக்கிற ஒன்றும் அதிர்கிற ஒன்றும். நாம் இரண்டுக்கும் ஒரே எழுத்தை வைத்திருப்பதால் பேசும்போதும் கலந்துவிடுகிறோம். த்ரீயை 'ட்ரீ' என்றும் தௌஸண்டை 'டௌஸண்ட்' என்றும் சொல்லச் சொல்கிறது விதி, அது நமக்கு லாபம்.

லெவல் 4 கிடைத்தால் 3 ஆண்டுக்கு ஒரு முறை, 5 கிடைத்தால் 6 ஆண்டுக்கு ஒரு முறை மறுதேர்வு என்பது பரிந்துரை. 6 என்றால் மறுதேர்வு இல்லை.

கேள்வி: புரியாதபோது மறுபடி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பக்கத்தில் கேப்டன் இருக்கிறார், ஃப்ரீக்வென்ஸியில் ஊரே கேட்கிறது. ஒரு முறை கேட்டதற்குக் கட்டுப்பாட்டாளர் சலித்துக்கொண்டார். (துணை விமானி)

பதில்: சலித்துக்கொள்ளட்டும். அவருக்கு அடுத்த ஷிஃப்ட் வந்தால் மறந்துவிடும்.

தேர்வு அறையில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த காட்சி ஒன்று. நல்ல ஆங்கிலம், தெளிவான உச்சரிப்பு, இலக்கணத்தில் குறை சொல்ல இடமில்லை. ஒலிப்பதிவில் ஒரு கட்டுப்பாட்டாளர், 'முன்னால் போன விமானம் ஓடுபாதையில் ஏதோ துண்டு கிடப்பதாகச் சொல்கிறது, நீங்கள் தொடர விரும்புகிறீர்களா, இல்லை சுற்றி வருகிறீர்களா' என்று கேட்பார். தேர்வு எழுதுபவரின் கண் ஒரு நொடி மேலே போகும். பிறகு புன்னகையோடு, 'ரோஜர்'. அங்கேயே எனக்குத் தெரிந்துவிடும். ரோஜர் என்றால் நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் வந்து சேர்ந்தது என்பது மட்டும்தான். இதுவா அதுவா என்ற கேள்விக்கு அது பதிலே இல்லை. புரியாமல் தலையாட்டுகிற பழக்கத்துக்கு ரேடியோவில் அதுதான் வேஷம்.

அதே இடத்தில் இன்னொருவர், கொஞ்சம் தடுமாறுகிற ஆங்கிலத்தில், 'ஸே அகெய்ன் ஆல் ஆஃப்டர் ரன்வே' என்று கேட்பார். ரன்வே என்ற சொல்லுக்குப் பிறகு வந்ததை மட்டும் திரும்பச் சொல் என்று அர்த்தம். தனக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டுப்பாட்டாளரின் நேரமும் மிச்சம். 'ஆல் பிஃபோர்' என்றும் கேட்கலாம், 'ஸே அகெய்ன் ஹெடிங்' என்று ஒற்றை விஷயத்தையும் கேட்கலாம். சிக்கலான இடத்தில் புரிதல் மெதுவாகலாம், விளக்கம் கேட்க நேரலாம் என்று லெவல் 4-இன் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. கேட்டதற்காக மதிப்பெண் குறையாது.

கேட்காமல் இருப்பது ஒரு பக்கம். சொல்ல வேண்டியதை மென்று விழுங்குவது இன்னொரு பக்கம். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் வானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வைக்கப்பட்ட கொலம்பிய விமானம் அவியாங்கா 52, எரிபொருள் தீர்ந்து லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். அவசரநிலை என்று சொல்லச் சொல்லி கேப்டன் ஸ்பானிஷில் சொல்கிறார். துணை விமானி ரேடியோவில், கொடுத்த ஹெடிங்கைத் திருப்பிச் சொல்லிவிட்டு, மறுபடி முயல்கிறோம் என்கிறார், அதே மூச்சில் 'வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் ஃப்யூயல்' என்று சேர்க்கிறார். இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் உயிராபத்தை அறிவிக்கிற 'மேடே' இல்லை, 'எமர்ஜென்ஸி' இல்லை. அதற்கு முன்னால் 'ப்ரயாரிட்டி' என்று கேட்டிருந்தார்கள். அந்தச் சொல்லை அவசரநிலையாகக் கட்டுப்பாட்டாளர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று 'மினிமம் ஃப்யூயல்' என்றும் 'மேடே ஃப்யூயல்' என்றும் இரண்டு வாசகங்கள் இருக்கின்றன. முதலாவது, இனி தாமதம் தாங்காது என்ற எச்சரிக்கை. அதற்கு முன்னுரிமை கிடையாது. இரண்டாவது, கடைசிக் கையிருப்பைத் தொட்டுத்தான் இறங்க முடியும் என்ற அவசர அழைப்பு. இரண்டையும் இன்றிரவே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கூச்சம் அதிகமாக வருவது 'மேடே'யைச் சொல்லும்போதுதான். கூச்சம் போகிற வரைக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: நான் விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பப் பணியாளர். ரேடியோ பேசுவதில்லை, மேனுவல்தான் படிக்கிறேன். அந்த ஆங்கிலம் ஏன் குழந்தைகளுக்கு எழுதியது மாதிரி இருக்கிறது? (பராமரிப்புப் பிரிவு)

பதில்: வேண்டுமென்றே அப்படி எழுதுகிறார்கள். அதற்கு எளிமைப்படுத்திய தொழில்நுட்ப ஆங்கிலம் என்று பெயர், ஏ.எஸ்.டி. - எஸ்.டி.இ. 100 என்பது அதன் விதிநூல். 1980-களில் ஐரோப்பிய விமானத் தொழில் தொடங்கிவைத்தது. செய்முறை வாக்கியம் 20 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை. பெயர்ச்சொற்களை மூன்றுக்கு மேல் சரம் கோக்கக் கூடாது. செய்வினைதான், பாஸிவ் வாய்ஸ் செய்முறையில் கூடாது. (முதல் கேள்வி கேட்ட பயிற்சி விமானி இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.)

அனுமதித்த சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள் ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். 'க்ளோஸ்' என்றால் மூடு. அருகில் என்று சொல்ல 'நியர்' போட வேண்டும். 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது. வழிமுறையின்படி நட என்பதற்கு 'ஒபே'. உங்களுக்கு இது பெரிய சலுகை. அந்த அகராதியில் இருக்கிற சொற்கள் ஆயிரத்துக்கும் குறைவு, கூடவே உங்கள் துறையின் பாகப் பெயர்கள். பொது ஆங்கில வகுப்புக்குப் போகும் முன் இதை முடித்துவிடுங்கள்.

பழுதைப் பற்றி விமானி எழுதிவைக்கிற குறிப்பு மட்டும் இந்த விதிகளுக்குக் கட்டுப்படாது. அதில் சுருக்கமும் கொச்சையும் கலந்து வரும். புரியாவிட்டால் ஊகிக்காதீர்கள், எழுதியவரையே பிடித்துக் கேளுங்கள்.

கேள்வி: ஆங்கிலம் தாய்மொழியாக இருக்கிறவர்கள் கடகடவென்று பேசுகிறார்கள், கொச்சை கலக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் மெனக்கெட வேண்டும்? (கட்டுப்பாட்டாளர் பயிற்சியில் இருப்பவர்)

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எல்லோருக்கும் புரியும்படி பேசுகிற பொறுப்பு அவர்களுக்கும் உண்டு. வேக வரம்பும் ஃப்ரேஸியாலஜியும் அவர்களுக்கும் சேர்த்துத்தான். உள்ளூர் வழக்கை விட்டு அவர்களும் இறங்கி வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நெடுங்காலம் 'பொஸிஷன் அண்ட் ஹோல்ட்' என்றுதான் சொன்னார்கள். உலகம் முழுக்க 'லைன் அப் அண்ட் வெயிட்' என்று இருந்ததால் 2010 செப்டம்பர் 30 முதல் அவர்களும் மாற்றிக்கொண்டார்கள். கடகடவென்று பேசுகிறவரிடம் 'ஸ்பீக் ஸ்லோவர்' என்று சொல்லுங்கள். அதுவும் அங்கீகரித்த வாசகம்தான், மரியாதைக் குறைவு இல்லை.

நாம் ஏன் என்ற கேள்விக்கு: 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி 747-ம் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜக் விமானம் தனக்குக் கொடுத்த உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது, அந்தக் குழுவின் ஆங்கிலப் போதாமையும் விசாரணையில் பேசப்பட்டது. 1998-இல் ஐ.சி.ஏ.ஓ. பொதுச்சபை தீர்மானம் போட்டது, 2003-இல் விதி வந்தது, 2008 மார்ச்சிலிருந்து நடைமுறை. நீங்கள் எழுதப்போகிற தேர்வு அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: சப்டைட்டிலோடு ஆங்கிலப் படம் பார்த்தால் காது தேறுமா? (கேபின் குழுப் பணிக்கு விண்ணப்பித்திருப்பவர்)

பதில்: கண் தேறும். சப்டைட்டில் ஓடும்போது காது லீவு எடுத்துக்கொள்கிறது. பத்து நிமிடக் காட்சியை முதலில் சப்டைட்டில் இல்லாமல் கேளுங்கள், பிடிபடாத இடத்தைக் குறித்து வையுங்கள், பிறகு சப்டைட்டிலைப் போட்டு அந்த இடத்தை மட்டும் பாருங்கள்.

கேபின் வேலைக்கு ஐ.சி.ஏ.ஓ. மொழித் தேர்வு கிடையாது. நிறுவனங்கள்தான் தங்களுக்கேற்ப வைத்துக்கொள்கின்றன. உங்களுக்கு அவசியமானது பல விதமான ஆங்கிலத்தைக் கேட்டுப் புரிந்துகொள்வது. பயணிகளில் பாதிப் பேருக்கு அது இரண்டாவது மொழியாகவோ மூன்றாவது மொழியாகவோ இருக்கும். அதனால் அமெரிக்கப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் அரபு, ஜப்பான், பிரான்ஸ், நைஜீரியா என்று பல நாட்டவர் ஆங்கிலத்தில் கொடுத்த பேட்டிகளைக் கேளுங்கள். அவசர வெளியேற்றக் கட்டளைகளை முழுக் குரலில் பழகுங்கள். 'லீவ் எவ்ரிதிங்' என்பதை மெல்லிய குரலில் சொன்னால் யாரும் பையை விட மாட்டார்கள்.

கேள்வி: பள்ளியில் படிக்கும் என் மகள் விமானி ஆக வேண்டும் என்கிறாள். ஆங்கிலத்துக்கு இப்போதே என்ன செய்யலாம்? (ஒரு தாய்)

பதில்: ஆல்ஃபா, ப்ராவோ, சார்லி என்ற எழுத்து வரிசையையும் எண்களைச் சொல்லும் முறையையும் கொடுங்கள். ஒரு வாரத்தில் மனப்பாடமாகிவிடும். அப்புறம் சாலையில் போகும்போது எதிரே வருகிற வண்டிகளின் நம்பர் பிளேட்டைத் தப்பில்லாமல் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த வண்டி கடந்து போவதற்குள் முடிக்க வேண்டும். அவள் படித்ததை நீங்கள் ரீட்பேக் செய்யுங்கள், நடுவில் ஒரு எண்ணை வேண்டுமென்றே மாற்றிச் சொல்லுங்கள். அவள் 'நெகட்டிவ்' என்று கத்துகிறாளா பாருங்கள்.